வலசைப் பறவைகள்: கடலோரத்தில் இருப்பவர்கள் உதவ முடியுமா?

வணக்கம் நண்பர்களே. பழவேற்காட்டிலிருந்து தனுஷ்கோடி வரை கடலோரத்தில் இருப்பவர்களிடம் ஓர் உதவி. புரட்டாசி பிறந்துவிட்டது, சேற்றுக்கரையில் இரை தேடும் சின்னப் பறவைகளான உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் வந்து இறங்குகிற நேரம். எந்த ஊரில், எந்தத் தேதியில், சுமார் எத்தனை பார்த்தீர்கள் என்று இங்கே எழுதுங்களேன். ஊர்வாரியாக ஒரு வரைபடம் போட ஆசை. பருவமழை பிடித்துவிட்டால் உப்பளங்களில் தண்ணீர் ஏறி, குட்டைக்கால் பறவைகள் இடம் மாறிவிடும். அதனால் இப்போதைய குறிப்புகள்தான் முக்கியம்.

பூநாரையை எல்லாரும் படம் எடுத்துவிடுகிறார்கள். எனக்கு வேண்டியது சேற்றில் ஓடுகிற சின்னதுகள். கொசு உள்ளான் சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும். குட்டையான நேர் அலகால் சேற்றின் மேலாகப் படபடவென்று கொத்தும். வளைமூக்கு உள்ளான் அதைவிடப் பெரிசு. அலகு கீழ்நோக்கி வளைந்திருக்கும், வயிறு நனையும் ஆழத்திலும் இறங்கி இரை தேடும். சந்தேகமென்றால் வெறும் 'உள்ளான்' என்று போட்டாலும் சரி.

அப்புறம், காலில் வளையமோ வண்ணப் பட்டையோ தெரிந்தால் விடாதீர்கள். கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பறவைகள் எங்கே போய் வருகின்றன என்று அறியப் பல ஆண்டுகளாக அவற்றுக்கு வளையமிட்டு வருகிறது; வெளிநாடுகளில் மாட்டியவையும் வரும். எந்தக் கால், என்ன நிறம், என்ன எழுத்து என்பது போதும். மங்கலான படமானாலும் பரவாயில்லை. அதற்காகக் கூட்டத்தைத் துரத்திக்கொண்டு கிட்டே போக வேண்டாம், சைபீரியாவிலிருந்து பறந்து வந்த களைப்பில் இருக்கும்.

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குள் படகில் போகிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அங்கிருந்துதான் ஒரு குறிப்பும் கையில் இல்லை.