சிறிய தோட்டக் குளத்துக்கு வெயிலைத் தாங்கும் செடிகள் எவை?

கேள்வி:
மதுரையில் எங்கள் வீட்டுத் தோட்டத்தில் 6 அடி நீளம், 4 அடி அகலம், 2 அடி ஆழத்தில் சிமெண்ட் குளம் ஒன்று கட்டியிருக்கிறோம். காலை முதல் பிற்பகல் 2 மணி வரை நேர் வெயில் விழும். நிரப்புவது உப்பு சற்றுக் கூடிய ஆழ்துளைக் கிணற்று நீர். சில வேளைகளில் இரண்டு வாரம் வரை வெளியூரில் இருக்க நேரிடும் என்பதால், கவனிப்பு குறைந்தாலும் பிழைக்கும் செடிகளைப் பரிந்துரைக்க வேண்டுகிறேன். தாமரை வைக்கவும் ஆசை.

பதில் 1:
முதலில் அல்லியை வையுங்கள். இணையத்தில் உறுதியான வகை என்று பரிந்துரைக்கப்படும் அல்லிகளில் பல, பனி உறையும் நாடுகளின் குளிரைத் தாங்குபவை. நமக்குத் தேவை சித்திரை வெயிலைத் தாங்குபவை. நம் ஊர்க் கண்மாய்களில் தானாகவே வளரும் வெள்ளை அல்லியும், பகலில் மலரும் நீல அல்லியும் அதற்குப் பழகியவை. ஓட்டையில்லாத அகன்ற பேசினில் களிமண்ணோ கண்மாய் வண்டலோ நிரப்பிக் கிழங்கை நட்டு, மண் கலங்காதிருக்க மேலே ஓர் அங்குலம் ஆற்று மணல் பரப்புங்கள். தொழு உரம் கலந்தால் அது நீருக்குள் அழுகித் தண்ணீரைப் பச்சையாக்கிவிடும். தொடக்கத்தில் செங்கல் அடுக்கி, மண்ணுக்கு மேல் அரையடி நீர் நிற்குமாறு பேசினை உயர்த்தி வையுங்கள். இலைகள் நீர்மட்டத்தை எட்ட எட்ட ஒவ்வொரு கல்லாக எடுத்துவிடலாம். குளப்பரப்பில் பாதியை இலை மூடினாலே பச்சைப்பாசி பெருமளவு அடங்கும்.

பதில் 2:
ஓரத்துக்குக் கல்வாழையும் நீர்ப்பிரமியும் நல்லவை. கல்வாழையின் வேர் நீரில் நின்றாலும் அழுகாது. நீங்கள் ஊரில் இல்லாதபோது பாதிக்கப்படுவது அல்லியன்று, இந்த ஓரச் செடிகள்தான்: மதுரைக் கோடையில் நாளொன்றுக்குக் கால் அங்குலத்துக்கு மேல் நீர் ஆவியாகும் என்பதால், இரண்டு வாரத்தில் நீர்மட்டம் நான்கு அங்குலம் இறங்கி, விளிம்பில் வைத்த தொட்டிகள் காய்ந்துவிடும். கிளம்பும் முன் அவற்றை ஒரு படி ஆழத்தில் இறக்கி வையுங்கள்.

ஆகாயத்தாமரையை மட்டும், யார் இலவசமாகக் கொடுத்தாலும், தயவுசெய்து வாங்காதீர்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்த அந்தச் செடி நம் வெப்பத்தில் இரண்டு வாரத்திலேயே இருமடங்காகிவிடும். நீங்கள் பிடுங்கி எறிவது மழைநீரோடு வாய்க்காலில் சேர்ந்தால், அடுத்த கண்மாயும் மூடிப்போகும். ஊர்க் கண்மாய்கள் பல இப்படித்தான் மூச்சுத்திணறிக் கிடக்கின்றன.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. தாமரையை அல்லியோடு ஒரே குளத்தில் வைக்கலாமா?

பதில் 1:
இந்த அளவுக் குளத்தில் வேண்டாம். தாமரையின் தண்டுக்கிழங்கு மண்ணுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். தன் பேசினைத் தாண்டி அல்லியின் பேசினுக்குள்ளும் நுழைந்துவிடும். இரண்டடி அகலமுள்ள தனித் தொட்டியில், பாதிவரை களிமண் இட்டு, வெயில் முழுமையாக விழும் இடத்தில் வையுங்கள். குளத்தில் கொசுப்புழுவைத் தின்னக் கப்பி மீன்கள் சிலவற்றை விடுவதையும் மறவாதீர்கள். தாமரைத் தொட்டிக்கும் அவை தேவை.