ஒருவரிடமாவது வாய் திறந்த நாள்

வாலிபர் கூட்டம் நடத்தும் அண்ணன்:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். 11 வருடமாக வாலிபர் கூட்டம் நடத்துகிறேன். கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, நாற்காலிகளை அடுக்க என்று ஒரு தம்பியோ தங்கையோ நின்றுவிடுவார்கள். உதவி செய்யத்தான் நிற்கிறார்கள் என்று ஆரம்பத்தில் நினைத்தேன். அடுக்கின நாற்காலியையே மறுபடி எடுத்து அடுக்குவதைப் பார்த்த பிறகுதான், மனதில் ஏதோ கிடக்கிறது என்று புரிந்தது. "என்ன தம்பி?" என்று கேட்டால் "ஒன்றுமில்லை அண்ணா" என்று பதில் வரும். அந்த "ஒன்றுமில்லை"யை நானே பல வருடம் சொல்லியிருக்கிறேன். அதனால் என் சாட்சியை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றவர்களும் மனம் திறந்து சொன்னால் யாராவது ஒரு பிள்ளைக்கு உதவும்.

எனக்கு அப்போது 19 வயது. ஞாயிறு ஆராதனையில் கிட்டார் வாசிப்பேன். இரவில் வீட்டில் எல்லோரும் தூங்கின பிறகு போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு ஆபாசப் படங்கள் பார்ப்பேன். வெளிச்சம் வெளியே கசியாதபடி போர்வையின் ஓரத்தை முழங்காலால் அழுத்திப் பிடித்திருப்பேன். அப்புறம் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அதே போர்வைக்குள் அழுதுகொண்டே, "ஆண்டவரே, இதுதான் கடைசி" என்பேன். விழாத ஒவ்வொரு நாளுக்கும் வேதாகமத்தின் பின் அட்டையில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். 4 புள்ளி, ஒரு இடைவெளி. 9 புள்ளி, மறுபடி இடைவெளி. ஒருமுறை 22 வரை போனது. ஜெயித்துவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். 23ஆம் நாள் விழுந்தேன்.

"நான் அடக்கிவைத்தமட்டும், நித்தம் என் கதறுதலினாலே என் எலும்புகள் உலர்ந்துபோயிற்று" என்று சங்கீதம் 32:3 சொல்கிறதே, அது எனக்கு அப்படியே பொருந்தியது. ஜெபிக்காமல் இருந்தேன் என்று யாரும் சொல்ல முடியாது, அழுது அழுதுதான் ஜெபித்தேன். ஆனால் மனிதர் ஒருவருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டேன். யாருக்கும் தெரியாது என்பதில்தான் அந்தப் பாவத்தின் பலமே இருந்தது.

எங்கள் சபையில் என்னைவிட 15 வயது மூத்த ஒரு அண்ணன் இருந்தார். ஒருநாள் கூட்டம் முடிந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "தம்பி, ராத்திரியெல்லாம் எப்படிப் போகுது?" என்று கேட்டார். எப்படி இருக்கிறாய் என்று எல்லோரும் கேட்பார்கள். ராத்திரியைப் பற்றி அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. "நல்லாத்தான் போகுது அண்ணா" என்றேன். சரி என்று எழுந்து போய்விடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் போகவில்லை. என் வயதில் தான் எதில் சிக்கிக் கிடந்தார் என்பதை, குரலைத் தாழ்த்தாமல், சாதாரணமாகச் சொல்லத் தொடங்கினார். அவர் பாதி சொல்லும்போதே எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும்.

அவர் பிரசங்கம் செய்யவில்லை. என் தோளில் கைவைத்துச் சின்னதாக ஒரு ஜெபம் செய்தார். பிறகு இரண்டு காரியம் சொன்னார். இரவு 10 மணிக்குப் போனைக் கூடத்தில் வைத்துவிட்டு "வைத்துவிட்டேன்" என்று அவருக்கு ஒரு செய்தி அனுப்பிவிட்டுப் படுக்க வேண்டும். விழுந்தால் மறுநாள் காலைக்குள் அவரிடம் சொல்ல வேண்டும். முதல் மூன்று மாதத்தில் நான்கு தடவை விழுந்தேன். நான்கு தடவையும் போய்ச் சொன்னேன். நான்காம் முறையும் அவர் முகம் முதல் முறை இருந்த மாதிரியேதான் இருந்தது. கிருபை என்ற வார்த்தையைச் சிறுவயது முதல் கேட்டிருக்கிறேன். அந்த முகத்தில்தான் அதை முதன்முதலாகப் பார்த்தேன். விழுவது மெல்ல மெல்லக் குறைந்து, பிறகு நின்றது. புள்ளி வைப்பதை எப்போது விட்டேன் என்றுகூட ஞாபகம் இல்லை.

ஆசிரியையாக வேலை செய்யும் அக்கா:

என் பாவம் வேறு மாதிரி. கல்லூரிக் கடைசி வருடத்தில் என் ஆய்வறிக்கையில் இரண்டு அத்தியாயங்களை முந்தைய வருட மாணவி ஒருவருடையதிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டேன். நல்ல மதிப்பெண் வந்தது. சபையில் என்னை எழுந்து நிற்கச் சொல்லி, "இந்தத் தங்கையைப் போல உழையுங்கள்" என்று கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் அறை வாங்கினது போல் இருந்தது. அதற்குப் பிறகு வேதத்தைத் திறந்தால் எழுத்து தெரியும், ஒன்றும் உள்ளே இறங்காது.

லூக்கா 3ஆம் அதிகாரத்தில் யோவான் ஸ்நானன், "மனந்திரும்புதலுக்கேற்ற கனிகளைக் கொடுங்கள்" என்கிறார். நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று ஜனங்கள் கேட்கிறார்கள். அழுங்கள் என்று அவர் சொல்லவில்லை. இரண்டு அங்கி வைத்திருக்கிறவன் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடுக்கட்டும் என்கிறார். வரி வசூலிக்கிற ஆயக்காரரிடம் கட்டளையிட்டதற்கு அதிகமாய் வாங்காதீர்கள் என்கிறார். போர்ச்சேவகரிடம் உங்கள் சம்பளமே போதும் என்றிருங்கள் என்கிறார். ஒவ்வொருவருக்கும் அவரவர் கை எங்கே அழுக்காயிருக்கிறதோ அங்கேயே பதில். அதை வாசித்த வாரம் பேராசிரியரிடம் போய் உண்மையைச் சொன்னேன். மதிப்பெண் போனது, பட்டம் ஆறு மாதம் தள்ளிப்போனது, வீட்டில் பெரிய சண்டை. ஆனால் திரும்ப எழுதின அந்த இரண்டு அத்தியாயங்களும் என்னுடையவை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அண்ணன் தனக்குக் கிடைத்த நல்ல மனிதரைப் பற்றி எழுதியிருக்கிறார். எல்லோருக்கும் முதலிலேயே அப்படி ஒருவர் அமைவதில்லை. நான் முதலில் ஒரு தோழியிடம்தான் சொன்னேன். அடுத்த ஜெபக்கூட்டத்தில் என் பெயரோடு அது ஒரு ஜெபக்குறிப்பாக வந்து நின்றது. பாரத்தோடுதான் சொன்னாள் என்று நம்புகிறேன், ஆனாலும் அந்த நாளை இன்றுவரை மறக்க முடியவில்லை. ஆகவே தங்கச்சிகளே, சொல்லுங்கள், ஆனால் யாரிடம் என்று பார்த்துச் சொல்லுங்கள். விசுவாசத்தில் முதிர்ந்த ஒரு அக்காவாக இருக்கட்டும். மற்றவர்களின் இரகசியத்தை உங்களிடம் இதுவரை சொல்லாதவராக இருக்கட்டும். கேட்கிற இடத்தில் இருக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: உங்களிடம் சொல்லப்பட்டதை நீங்கள் கொண்டுபோக வேண்டிய ஒரே இடம் தேவ சமுகம்.

ஒரு தகப்பன்:

நான் எதிர்ப்பக்கத்திலிருந்து எழுதுகிறேன். என் மகன் நண்பர்களோடு சேர்ந்து குடிக்கிறான் என்று தெரியவந்தபோது அவனுக்கு 18 வயது. நான் கத்தின கத்தலில், "சபையில் இனி நான் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பது" என்பதுதான் அதிகம் இருந்தது. அவன் ஆத்துமாவைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. அதற்குப் பிறகு இரண்டு வருடம் அவன் என்னிடம் தேவைக்குமேல் பேசவில்லை. குடியும் நிற்கவில்லை, மறைக்கக் கற்றுக்கொண்டான், அவ்வளவுதான்.

கலாத்தியர் 6:1இல், ஒருவன் யாதொரு குற்றத்தில் அகப்பட்டால் சாந்தமுள்ள ஆவியோடே அவனைச் சீர்பொருந்தப்பண்ணுங்கள் என்று பவுல் எழுதுகிறார். அங்கே கிரேக்கத்தில் உள்ள சொல்தான், யாக்கோபும் யோவானும் படவிலே வலைகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று மாற்கு 1:19 சொல்லும் இடத்திலும் வருகிறது என்று ஒரு வேதபாடத்தில் கேட்டேன். கிழிந்த வலையை மடியில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கண்ணியாகத்தான் முடிச்சுப் போட முடியும். நான் பிடித்து உதறினேன், கிழிசல் பெரிதாகிவிட்டது.

அன்றிரவே அவன் அறைக்குப் போனேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். "அன்றைக்கு நான் உன்னை நினைத்துப் பேசவில்லை, என் மரியாதையை நினைத்துத்தான் பேசினேன். மன்னித்துவிடு" என்றேன். அவன் திரும்பவில்லை, பதிலும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கால்களை மட்டும் மடக்கிக்கொண்டான். கட்டிலில் நான் உட்கார இடம் விட்டான். அங்கிருந்துதான் எங்களுக்கு மறுபடி பேச்சு ஆரம்பித்தது. அவன் முழுவதுமாக வெளியே வர மேலும் ஒரு வருடம் ஆனது. அந்த ஒரு வருடத்தில் அவனைவிட நான்தான் அதிகம் கற்றுக்கொண்டேன்.

கல்லூரியில் படிக்கும் தம்பி:

எல்லாவற்றையும் வாசித்தேன். நீங்கள் எல்லோரும் வெளியே வந்துவிட்டவர்கள். நான் இன்னும் உள்ளேதான் இருக்கிறேன். முதலில் எழுதின அண்ணனுக்கு இருந்த அதே பாவம். கடந்த வாரம்கூட விழுந்தேன். எஜமானின் மனைவி பாவத்துக்கு அழைத்தபோது ஓடின யோசேப்பைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் குற்ற உணர்வுதான் வருகிறது. அவர் ஓடினார், நான் ஓடவில்லை. ஒரே பாவத்துக்கு எத்தனை தடவைதான் மன்னிப்புக் கேட்பது? ஆண்டவருக்கே அலுத்துப் போயிருக்காதா? இப்போதெல்லாம் ஜெபிக்கவே கூச்சமாக இருக்கிறது.

வாலிபர் கூட்டம் நடத்தும் அண்ணன்:

தம்பி, நீ இதை எழுதினதே பெரிய காரியம்.

யோசேப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அவரை நாம் தவறாகவே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம் என்று எனக்குத் தோன்றும். ஒரு நாள் சோதனை வந்தது, ஒரே ஓட்டமாக ஓடினார் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். ஆதியாகமம் 39:10ஐப் பார், அந்த எஜமானின் மனைவி "நித்தம் நித்தம்" பேசிக்கொண்டு வந்தாள் என்று இருக்கிறது. அந்நிய தேசம், வீட்டார் பக்கத்தில் இல்லை, பத்துக் கட்டளைகள்கூட அப்போது கொடுக்கப்படவில்லை. அங்கே அவர், "தேவனுக்கு விரோதமாய்ப் பாவம் செய்வது எப்படி" என்று தினம் தினம் மறுத்துப் பழகினார். கடைசி நாளில் வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடிய கால்கள் அப்படிப் பழகின கால்கள். உன் கால்கள் இப்போதுதான் பழக ஆரம்பிக்கின்றன.

அலுத்துப் போயிருக்காதா என்று கேட்டாயே, அதற்குப் பேதுருவைப் பார். யோவான் 18:18இல் வேலைக்காரர் கரிநெருப்பு மூட்டிக் குளிர்காய்கிறார்கள். பேதுருவும் அங்கே நின்று குளிர்காய்ந்தான். அந்த இரவில்தான் இயேசுவைத் தெரியாது என்று மூன்று தரம் மறுதலித்தான். உயிர்த்தெழுந்த இயேசு கடற்கரையில் சீஷர்களுக்குக் காத்திருந்த காலையில், 21:9இல், மறுபடியும் ஒரு கரிநெருப்பு. புதிய ஏற்பாட்டில் அந்தக் கிரேக்கச் சொல் இந்த இரண்டு இடத்தில் மட்டும்தான் வருகிறது. அந்தப் புகை வாசனை பட்டதும் பேதுருவுக்கு என்னவெல்லாம் ஞாபகம் வந்திருக்கும்! அந்த நெருப்புக்குப் பக்கத்தில் வைத்துத்தான், "என்னை நேசிக்கிறாயா" என்று ஆண்டவர் மூன்று தரம் கேட்டார். ஏன் அப்படிச் செய்தாய் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கேட்டு முடித்து ஆடுகளை அவன் கையில் ஒப்புக்கொடுத்தார்.

ஆசிரியையாக வேலை செய்யும் அக்கா:

தம்பி, ஜெபிக்கக் கூச்சமாக இருக்கிறது என்றாயே. இயேசு சொன்ன உவமையில், தகப்பனின் சொத்தை வாங்கிப்போய் அழித்த கெட்ட குமாரன் வீட்டுக்குக் கிளம்பும்போது என்ன சொல்ல வேண்டும் என்று தயார் செய்துகொண்டு வருகிறான். லூக்கா 15:19இல் அதன் கடைசி வரி, "உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்" என்பது. 21ஆம் வசனத்தில் அதைத் தகப்பனிடம் சொல்ல ஆரம்பிக்கிறான். அந்தக் கடைசி வரி அங்கே இல்லை. அதைச் சொல்வதற்குள் தகப்பன் உயர்ந்த வஸ்திரத்தைக் கொண்டுவரச் சொல்லிவிட்டார். நீ தயார் செய்து வைத்திருக்கிற வார்த்தைகளோடு அப்படியே போ. அவர் முழுவதையும் சொல்ல விடமாட்டார்.

இன்னொன்று, பிற்காலத்தில் சபையின் பெரிய போதகரான அகஸ்டின் தன் வாலிப நாட்களில் கற்பைத் தாரும், ஆனால் இப்போதே வேண்டாம் என்று ஜெபித்ததாகத் தானே எழுதி வைத்திருக்கிறார். 386இல் மிலான் நகரத் தோட்டம் ஒன்றில் ரோமர் 13ஆம் அதிகாரத்தின் கடைசி வசனங்கள் அவரைத் திருப்பியபோது அவருக்கு 31 வயது. அவ்வளவு வருடங்கள் அவருடைய தாய் மோனிக்கா கண்ணீரோடு ஜெபித்துக்கொண்டிருந்தார். உனக்காகவும் இன்றிலிருந்து ஒரு அக்கா ஜெபிக்கிறேன்.

ஒரு தகப்பன்:

நானும் ஜெபிக்கிறேன் மகனே. உன் வீட்டிலோ சபையிலோ உட்கார இடம் கொடுக்கிறவர் யாராவது இருந்தால், இந்த வாரமே போ. தள்ளிப் போடாதே.

கல்லூரியில் படிக்கும் தம்பி:

எங்கள் சபையில் பாடல் குழுவை நடத்தும் அண்ணனிடம் நேற்று மாலை போனேன். கூட்டம் முடிந்தும் மைக் வயர்களைச் சுருட்டிக்கொண்டே நின்றேன். சுருட்டினதையே அவிழ்த்து மறுபடி சுருட்டியிருக்கிறேன் போல. அவர் வந்து வயரின் மறுமுனையைக் கையில் எடுத்துக்கொண்டு, "என்னடா?" என்றார். சொல்லிவிட்டேன். நடுவில் அழுதுவிட்டேன். அவர் ரொம்ப நேரம் ஒன்றுமே பேசவில்லை. பிறகு, நாளைக் காலை 6 மணிக்கு வா, சங்கீதம் 51ஐ இருவரும் சேர்ந்து வாசிக்கலாம் என்றார். போனைக் கூடத்தில் வைத்துவிட்டு வந்துதான் படுத்தேன். இப்போது மணி 5.20. கிளம்பிக்கொண்டிருக்கிறேன்.