மறுமொழி: ஏர் ஆம்புலன்ஸுக்கு ஒரு தமிழ்ச்சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். ஏர் ஆம்புலன்ஸுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற கேள்விக்கு இந்த இழையில் வந்த பரிந்துரைகளை ஒருசேரப் படித்தேன். பறக்கும் ஆம்புலன்ஸ், வான் அவசர ஊர்தி, விமான மருத்துவமனை, உயிர்காப்பு வானூர்தி, நோயாளர் காவு விமானம் என்று ஐந்து சொற்கள் நிற்கின்றன. எது அழகு என்று பேசும் முன், இந்தச் சொல் எங்கே தேவைப்படுகிறது என்று பார்ப்போம். நாளிதழில் 'ஏர் ஆம்புலன்ஸ்' என்று போட்டாலே எல்லாருக்கும் புரிந்துவிடும். ஆனால் மதுரையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் ஒருவரைச் சென்னைக்கு விமானத்தில் கொண்டுபோக வேண்டும் என்றால், வாசலில் நிற்கும் மனைவியோ மகனோ ஓர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் படிவம் தமிழில் இருந்தால் அதில் என்ன எழுதுவோம்? என் அளவுகோல் அதுதான்.

முதலில் 'அவசர ஊர்தி'. தமிழ்நாட்டில் ஆம்புலன்ஸுக்கு இது வேரூன்றிவிட்டது, மறுக்கவில்லை. ஆனால் அது அவசரத்தை மட்டும்தான் சொல்கிறது. தீயணைப்பு வண்டியும் அவசரமாகத்தான் போகிறது. உள்ளே மருத்துவம் நடக்கிறது என்ற செய்தி அந்தச் சொல்லில் இல்லை. 'வான்' என்பதை முன்னால் ஒட்டினால் 'வான் அவசர ஊர்தி' என்று மூன்று துண்டாக நிற்கிறது. வானூர்தி என்ற நல்ல சொல்லைப் பிளந்து நடுவில் 'அவசர'த்தைச் செருகியது போல் இருக்கிறது.

'நோயாளர் காவு விமானம்' என்பதற்கு அடிப்படையாக இலங்கை நண்பர் சொன்ன 'நோயாளர் காவு வண்டி' (அங்கே ஆம்புலன்ஸின் பெயர்) எனக்கு மிகவும் பிடித்த சொல். காவுதல் என்றால் சுமத்தல். காவடியும் அந்த வேரில் பிறந்ததுதான். அங்கே அது பலகையில் எழுதும் வழக்குச் சொல். சிக்கல் இங்கே தமிழ்நாட்டில்தான். 'காவு' என்றதும் காவு கொடுப்பதும் காவு வாங்குவதும்தான் நினைவுக்கு வரும். ஐசியு வாசலில் நிற்பவரின் கையில் அந்தச் சொல்லைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இரு நாட்டுக்கும் பொதுவாக ஒன்று வேண்டும் என்றால் இதை விட்டுத்தான் ஆக வேண்டும்.

'பறக்கும் ஆம்புலன்ஸ்' பற்றி ஒரு செய்தி. விமானம் வருவதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே அந்தப் பெயர் வந்துவிட்டது. 1790களில் பிரெஞ்சுப் படையின் அறுவை மருத்துவர் தொமினிக் லாரே, குதிரை பூட்டிய இலகு வண்டிகளுக்கு அப்படிப் பெயர் வைத்தார். அதுவரை சண்டை ஓயும்வரை காயம்பட்டவர்கள் களத்திலேயே கிடப்பார்கள். லாரே மருத்துவர்களையே களத்துக்கு அனுப்பினார். ஆம்புலன்ஸ் என்ற பிரெஞ்சுச் சொல்லும் முதலில் குறித்தது இடம்பெயரும் மருத்துவமனையைத்தான், வண்டியை அல்ல. ஆகவே நம் சொல்லில் 'மருத்துவ' என்ற பகுதி கட்டாயம் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. பொதுச்சொல்லாக 'மருத்துவ வானூர்தி' போதும். பள்ளிப் பிள்ளைக்கும் புரியும், உச்சரிக்கவும் தடையில்லை.

இனிமேல்தான் உண்மையான வேலை. ஏர் ஆம்புலன்ஸ் என்ற ஒரே பெயருக்குள் இரண்டு வெவ்வேறு பயணங்கள் ஒளிந்திருக்கின்றன. இந்த இழையில் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்:

> நிலையிறக்கை (விமானம்), சுழலிறக்கை (ஹெலிகாப்டர்) என்று இறக்கையை வைத்துப் பிரித்தால் போதாதா?

போதாது என்று நினைக்கிறேன். நோயாளிக்கு இறக்கை முக்கியமில்லை, எங்கே இறங்கும் என்பதுதான் முக்கியம். விமானத்துக்கு ஓடுபாதை வேண்டும். அதனால் மருத்துவமனையிலிருந்து விமான நிலையம் வரை ஓர் ஆம்புலன்ஸ், அங்கே ஸ்ட்ரெச்சரிலிருந்து விமானத்துக்குள் மாற்றம், இறங்கியதும் மறுபடி மாற்றம், மறுபடி ஓர் ஆம்புலன்ஸ். வென்டிலேட்டர் குழாய், சொட்டு மருந்துக் குழாய், ஆக்சிஜன் எல்லாம் ஒவ்வொரு மாற்றத்திலும் கழன்றுவிடாமல் பார்க்க வேண்டும். நிறுவனங்கள் 'பெட் டு பெட்' என்று விளம்பரம் செய்வது இந்த மொத்தச் சங்கிலியையும்தான். படிவத்தில் இதைப் 'படுக்கை முதல் படுக்கை வரை' என்று எழுதலாம். ஹெலிகாப்டரோ விபத்து நடந்த இடத்துக்குப் பக்கத்திலேயே இறங்கும். ஜெர்மனியில் 1970இல் மியூனிக்கில் தொடங்கிய 'கிறிஸ்தோஃப் 1' இந்த வகை. நம் நாட்டில் 2024 அக்டோபரில் ரிஷிகேஷ் எய்ம்ஸில் தொடங்கிய 'சஞ்சீவனி' சேவையும் அப்படித்தான். மலைப்பாதையில் மணிக்கணக்கில் ஊர்ந்து வர வேண்டியவர்களுக்காக வந்தது அது.

எனவே எழும்பும் முறையை வைத்துப் பிரிக்கலாம் என்கிறேன். ஓடுபாதையில் ஓடி எழுவது 'ஓடியெழு வானூர்தி'. நின்ற இடத்திலிருந்து நேராக எழுவது 'நேரெழு வானூர்தி'. எழுஞாயிறு போல இதுவும் வினைத்தொகைதான், புதிதாக எதையும் வளைக்கவில்லை. ஈழ வழக்கில் உள்ள 'உலங்கு வானூர்தி'யை இது தள்ளிவிடாது. அது ஹெலிகாப்டருக்கு மட்டும் உரிய பெயர். நேரெழு என்பது அதைவிடப் பெரிய குடும்பம்.

அந்தக் குடும்பப்பெயர் இப்போதே தேவைப்படுகிறது. சென்னை ஐஐடியில் உருவான இ-பிளேன் நிறுவனம் 2025 பிப்ரவரியில், ஐகேட் என்ற ஏர் ஆம்புலன்ஸ் நிறுவனத்துக்கு 788 மின்சார ஏர் ஆம்புலன்ஸ்களைத் தர ஒப்பந்தம் போட்டது. அதன் வடிவமைப்பில் மேலே எழும்ப விசிறிகள், முன்னே பறக்க இறக்கை, இரண்டும் உண்டு. இறக்கையை வைத்துப் பிரித்திருந்தால் இதை எந்தப் பெட்டியில் போடுவது? எழும்பும் முறைப்படி பிரித்தால் 'நேரெழு மின்வானூர்தி' என்று தானாக வந்து உட்கார்ந்துவிடுகிறது. பேட்டரியின் எடை, சான்றளிப்பு என்று கடக்க வேண்டிய தடைகள் இன்னும் நிறைய உண்டு. பெயராவது தயாராக இருக்கட்டும். இழையில் வந்த இன்னொரு கேள்வி:

> ஓட்டுநர் இல்லாமல் வந்தால் 'வலவன் ஏவா மருத்துவ வானூர்தி' எனலாமே? புறநானூறே கைகொடுக்கிறது.

ஆசையாகத்தான் இருக்கிறது. வலவன் என்றால் ஓட்டுநர். ஆனால் 'வலவன் ஏவா வானவூர்தி' வரும் அந்தப் புறநானூற்றுப் பாட்டில் அதில் ஏறுவது யார்? புகழோடு வாழ்ந்து முடித்து விண்ணுலகு போகிறவர்கள். பிழைக்க வேண்டிய நோயாளியை அதில் ஏற்ற வேண்டாம். ருவாண்டாவில் 2016 முதல் இரத்தப் பைகளைச் சுமந்து செல்லும் ட்ரோன்களுக்கு வேண்டுமானால் அதைத் தரலாம்.

அப்புறம், ஊர்தியையும் குழுவையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. லண்டன் ஏர் ஆம்புலன்ஸ் மருத்துவர்கள் 2012 முதல் இரத்தத்தையே விபத்து நடந்த இடத்துக்குக் கொண்டுபோகிறார்கள். இரவில் அவர்கள் போவது காரில். பகலிலும் பெரும்பாலான நோயாளிகளைச் சாலை ஆம்புலன்ஸில் ஏற்றி, மருத்துவரும் கூடவே போவார். பெயரில் 'ஏர்' இருந்தாலும் பெரும்பாலும் நோயாளி பறப்பதே இல்லை! ஆஸ்திரேலியாவில் 1928இல் குளோன்கரியிலிருந்து கிளம்பிய பறக்கும் மருத்துவர் சேவையின் பெயரும் மருத்துவரைத்தான் முன்னே நிறுத்துகிறது. எனவே 'வான்வழி மருத்துவக் குழு' என்று தனியே ஒரு சொல் வேண்டும். குடும்பத்தார் பணம் கட்டும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வியே கூட வருவது யார் என்பதுதான்: தீவிர சிகிச்சை மருத்துவரா, செவிலியர் மட்டுமா?

படிவத்துக்குத் தேவையான இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும், அடைபட்ட காற்று விரியும். விமான அறைக்குள் 8,000 அடிக்கு நிகரான அழுத்தம் இருந்தால் அந்தக் காற்று ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும். நுரையீரலுக்கும் விலாச்சுவருக்கும் நடுவே காற்று சிக்கியிருப்பவருக்கு இது ஆபத்து. பறக்கும் முன்பே மார்பில் குழாய் வைத்து அதை வெளியேற்ற வேண்டும். மூச்சுக்குழாய்க்குள் செருகிய குழாயின் முனையில் இருக்கும் சின்ன பலூனும் இப்படித்தான் உப்பும். அதன் அழுத்தத்தை வழியெல்லாம் அளந்துகொண்டே வருவார்கள், சில குழுக்கள் காற்றுக்குப் பதில் உப்புநீரை நிரப்பும். சில நோயாளிகளுக்காக விமானத்தைத் தாழ்வாக ஓட்டி, உள்ளே தரைமட்ட அழுத்தத்தையே வைத்திருப்பார்கள். எரிபொருள் கூடும், செலவும் கூடும். இதற்குத் 'தரையழுத்தப் பறப்பு' என்று எழுதிப் பார்த்தேன். ஏன் கூடுதல் கட்டணம் என்று கேட்கும் மகனுக்கு இந்தச் சொல்லே பாதி பதில் சொல்லிவிடும்.

சரி, என் பரிந்துரை: பொதுச்சொல் மருத்துவ வானூர்தி. அதற்குள் ஓடியெழு, நேரெழு என இரு வகை. உடன் செல்வோர் வான்வழி மருத்துவக் குழு. மக்கள் பேச்சில் ஏர் ஆம்புலன்ஸ் இருந்துவிட்டுப் போகட்டும், படிவத்தில் முதல்முறை வரும்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடலாம்.

குழுமத்தில் மயக்க மருந்தியல் மருத்துவர்கள் இருக்கிறீர்கள். 'தரையழுத்தப் பறப்பு' சரிதானா, 'தரைநிகர் அழுத்தம்' என்பது இன்னும் துல்லியமா? நீங்கள்தான் சொல்ல வேண்டும். இணைய அகராதியான விக்சனரியில் ஏற்றும் முன் உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

அன்புடன்