கூறைப் புடவையில் குழந்தை கத்தரி போட்டுவிட்டாள், பேனாக் கோடும் இருக்கிறது. சரிசெய்ய முடியுமா?

பாபநாசம் மருமகள்:
எல்லோருக்கும் வணக்கம். அத்தையின் கல்யாணக் கூறைப் புடவை, 1981-ல் மயிலாடுதுறை கூறைநாட்டிலேயே சொல்லி நெய்தது, பட்டும் பருத்தியும் கலந்த அரக்குக் கட்டம், மெல்லிய சரிகைக் கரை. வருகிற ஐப்பசியில் மாமாவுக்கு எழுபது நிறைகிறது, திருக்கடையூரில் பீமரத சாந்தி வைத்திருக்கிறோம், அன்று காலையில் கொஞ்ச நேரமாவது இதைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று அத்தைக்கு ஆசை. அதற்காகப் பீரோவிலிருந்து எடுத்து ரேழிக் கொடியில் காற்றாடப் போட்டிருந்தோம். என் மகளுக்கு மூன்றரை வயது. கத்தரிக்கோல் எப்படி அவள் கைக்குப் போனது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு கட்டத்தைப் பார்த்து மூன்று பக்கமும் ஒழுங்காக வெட்டி, நாலாவது பக்கத்தை விட்டுவிட்டு, அதைத் திறந்து மூடிக்கொண்டு 'கதவு' என்கிறாள். கரையில் பேனாவால் ஒரு நீளக் கோடு வேறு, அது 'ரோடாம்'.

அத்தை திட்டவே இல்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது. புடவையை மடித்து உள்ளே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். வீட்டுக்காரர் 'பாப்பாவுக்குப் பாவாடை தைத்துவிடலாம்' என்கிறார். எதிர்வீட்டில் பால் தடவு, எலுமிச்சை தேய் என்கிறார்கள். எதையும் இன்னும் செய்யவில்லை. யாராவது அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

தறிவீடு (திருபுவனம்):
எதையும் செய்யாமல் கேட்டீர்கள் பாருங்கள், பாதி புடவை அதிலேயே பிழைத்துவிட்டது. முதலில் அந்தக் 'கதவை' யாரும் வெட்டி எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். துணி அங்கேயே இருக்கிறது, இழைதான் அறுந்திருக்கிறது, அது நல்ல விஷயம். மூன்று பக்கம் என்றால் பாவும் (நெடுக்கு இழை) ஊடையும் (குறுக்கு இழை) இரண்டும் அறுந்திருக்கும், அதனால் இழுத்துத் தைத்தால் சுருங்கும். தையல் மிஷினில் கொடுக்கவே கொடுக்காதீர்கள். இஸ்திரி போட்டு ஒட்டுகிற பசைத்துணியும் வேண்டாம், அந்த இடம் அட்டை மாதிரி விறைத்து நிற்கும், பசை பிற்பாடு மஞ்சளடிக்கும்.

செய்ய வேண்டியது இழை ஓட்டுவது, ரஃபு என்பார்கள். உள்முந்தியின் (இடுப்பில் சொருகும் முனை) ஓரத்திலிருந்து அதே நிறத்து இழைகளை உருவி எடுத்து, வெட்டுக்கு இரண்டு பக்கமும் கொஞ்சம் தள்ளிப் பிடித்து ஊசியால் பின்னிக்கொண்டு வரவேண்டும். கடையில் வாங்கும் நூல் எத்தனை பொருத்தம் பார்த்தாலும் வெயிலில் காட்டிக்கொடுக்கும், நாற்பது வருஷம் மங்கிய அரக்குக்கு அந்தப் புடவையிலேயேதான் நூல் இருக்கிறது. பின்பக்கம் அதே நிறத்தில் மெல்லிய மல் துணி வைத்து லேசாகப் பிடித்துவிடச் சொல்லுங்கள், பழைய பட்டு தன் பாரத்தையே தாங்காது. உங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம், வெட்டு கட்டத்தின் கோட்டிலேயே விழுந்திருக்கிறது, கோடில்லாத வெறும் துணியில் விழுந்திருந்தால் ஓட்டிய இடம் தனியாகத் தெரியும்.

இந்த வேலை தெரிந்தவர்கள் குறைவு. கும்பகோணத்தில் பட்டுக்குப் பாலிஷ் போடுகிற கடைகளில் விசாரியுங்கள், அவர்களுக்கு ஆள் தெரிந்திருக்கும். அப்புறம், 'பழைய பட்டு, சரிகை வாங்குறது' என்று தெருவில் வருகிறவர்களிடம் காட்டிவிடாதீர்கள். அவர்கள் பார்ப்பது சரிகையில் இருக்கும் வெள்ளியை மட்டும்தான்.

சலவைக்காரி:
பேனா பற்றி நான் சொல்கிறேன். பால்பாயிண்ட்தானே? ஜெல் பேனாவாக இருந்தால் வீட்டில் தொடவேண்டாம், பெரும்பாலும் போகாது. பால்பாயிண்ட் மை ஸ்பிரிட்டில் கரையும், மெடிக்கலில் கிடைக்கும். ஆனால் முதலில் உள்முந்தியில் ஒரு மூலையில் ஒரு சொட்டு விட்டு, வெள்ளைப் பஞ்சை வைத்து அழுத்திப் பாருங்கள், அந்தக் காலத்து அரக்குச் சாயத்தை நம்ப முடியாது. பஞ்சில் சிவப்பு ஏறவில்லை என்றால் மட்டும் மேலே போகலாம். கோட்டுக்கு அடியில் வெள்ளைத் துணி வைத்து, மேலிருந்து ஒற்றி ஒற்றி எடுங்கள், தேய்த்தால் மை பரவும். பால் வேண்டாம், கொழுப்பு தங்கி வாடை வரும், பூச்சியும் வரும். எலுமிச்சையும் வேண்டாம், சாயத்தையும் சரிகையையும் பதம் பார்க்கும். வெள்ளைத் துணிக்குப் போடுகிற பிளீச்சிங் பக்கத்திலேயே வரக்கூடாது, அது பட்டு இழையையே கரைத்துவிடும்.

மன்னை பாட்டி:
பாவாடை யோசனையைத் தூக்கிப் போடச் சொல் உன் வீட்டுக்காரரை. புடவை அத்தையுடையது, வெட்டலாமா என்று கேட்கவேண்டியதும் அவரைத்தான், அதுவும் விசேஷம் முடிந்த பிறகு. வெட்டு எந்த இடத்தில் என்று நீ சொல்லவே இல்லையேம்மா. இடுப்பில் சொருகுகிற உள்முந்திப் பக்கமாக இருந்தால் யார் கண்ணுக்கும் படாது. நடுவில் என்றால் கொசுவத்தில் உள்மடிப்பாகப் போகிற மாதிரி ஒருமுறை கட்டிப்பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையை அடித்துவிடாதே, கட்டம் தப்பாமல் வெட்டுகிற கைக்கு ஒரு பழைய பேப்பரைக் கொடு.

பாபநாசம் மருமகள்:
எல்லோருக்கும் நன்றி. வெட்டு சொருகுகிற பக்கம்தான், கிட்டத்தட்ட முதல் சுற்றில் போய்விடுகிறது. கும்பகோணத்தில் ஒரு பெரியவர் கிடைத்தார், புடவையைக் கையில் வாங்கியதும் மடிப்புகளைத்தான் முதலில் பார்த்தார், இரண்டு இடத்தில் மடிப்பே நைந்திருக்கிறதாம், அதையும் சேர்த்துப் பிடித்துத் தருகிறேன் என்றார். பேனா பால்பாயிண்ட்தான். ஆனால் சோதித்துப் பார்த்ததில் பஞ்சு நன்றாகவே சிவந்துவிட்டது, அதோடு விட்டுவிட்டேன். அத்தை 'கோடு கிடந்துட்டுப் போகட்டும்' என்கிறார்.

சலவைக்காரி:
நிறுத்தியது சரி, கோட்டோடு இருக்கட்டும். ஆனால் பஞ்சு சிவந்தது என்றால் இன்னொன்று யோசிக்கவேண்டும். திருக்கடையூரில் தம்பதிக்குக் கலச அபிஷேகம் உண்டு, தலையோடு தண்ணீர் ஊற்றுவார்கள், அதற்கப்புறம்தான் புதுசு மாற்றுவது. அந்தத் தண்ணீர் இந்தப் புடவையில் விழுந்தால் சாயம் கரையில் இறங்கும், நனைந்த பட்டுக்கு வலுவும் குறைவு, ஓட்டிய இழை ஈரப்பாரத்தில் விட்டுவிடும். அபிஷேகத்துக்கு ஒரு பருத்திப் புடவை தனியாக எடுத்துப் போங்கள். கூறையைக் காலையில் சந்நிதியில் அர்ச்சனை வரை கட்டிக்கொள்ளட்டும். ஐப்பசி அடைமழை வேறு, வண்டியிலிருந்து இறங்கும்போதே கட்டிக்கொண்டு இறங்கவேண்டாம், உள்ளே போய் மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள்.