டிரம்மிலிருந்து டிஸ்க்குக்கு மாற்றியபின் ஹேண்ட்பிரேக் நிற்கவில்லை: உதவி தேவை

ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) இல்லாத எனது 2014 ஸ்விஃப்ட் டீசல் காரின் பின்சக்கர டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு, வெளிநாட்டு ஸ்விஃப்டிலிருந்து கழற்றிய டிஸ்க்கையும், அதை இறுக்கிப் பிடிக்கும் காலிப்பரையும் மூன்று வாரங்களுக்கு முன் கோவையில் பொருத்தினேன். அன்று முதல் பிரேக் பெடல் பாதி தூரம் இறங்கிய பிறகே பிடிக்கிறது. விட்டு உடனே மறுபடி மிதித்தால் மேலேயே கெட்டியாக நிற்கிறது. அதைவிடக் கவலை தருவது ஹேண்ட்பிரேக். ஒன்பது பல் (ஒன்பது ‘கிளிக்’) இழுத்தும், குன்னூர் மலைப்பாதை ஏற்றத்தில் நிறுத்திய வண்டி, குழந்தைகள் உள்ளே இருக்கும்போதே மெல்லப் பின்னோக்கி நகர்ந்தது. அதன்பின் வண்டியை வெளியே எடுக்கவில்லை.

டாட் 4 பிரேக் ஆயில் ஊற்றி, நான்கு சக்கரங்களின் பிரேக் குழாய்களிலிருந்தும் இருமுறை காற்றை வெளியேற்றியாயிற்று. கசிவு எங்கும் இல்லை. காலிப்பரில் காற்றை வெளியேற்றும் திருகும் மேற்பக்கமே இருக்கிறது. பெடலை மிதித்தால் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரை மாற்றவில்லை. ஹேண்ட்பிரேக் கேபிளும் டிரம்முக்கு வந்த பழையதே. அதை இறுக்கியபின், ஹேண்ட்பிரேக்கை முழுவதும் இறக்கினாலும் கேபிள் இழுக்கும் காலிப்பரின் கை (லீவர்) தன் நிறுத்தத்தில் வந்து அமராமல், ஒரு ரூபாய் நாணயம் நுழையும் இடைவெளி விட்டு நிற்கிறது. அப்படி நின்றால் பிரேக் பேட் தேய்மானத்துக்கு ஏற்ப, அதை டிஸ்க் மீது அழுத்தும் பிஸ்டன் தானாக முன்வராது என்பதால், என் சந்தேகம் கேபிள் மீதே இருக்கிறது.

இந்த மாற்றத்தைச் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்: டிஸ்க்குக்கு உரிய கேபிளை மட்டும் போட்டால் இரண்டு குறைகளும் தீருமா, அல்லது மாஸ்டர் சிலிண்டரையும் பெரிய அளவுக்கு மாற்ற வேண்டுமா?