மானாவாரிக் கரிசலுக்கு எந்த விதைப்புக் கருவி வாங்கலாம்? விதை அளவு வைப்பது எப்படி?

பேரையூர் புஞ்சை:

எல்லோருக்கும் வணக்கம். பேரையூர் பக்கம் 11 ஏக்கர் மானாவாரிக் கரிசல். புரட்டாசிப் பட்டத்தில் உளுந்து, சோளம், குதிரைவாலி போடுகிற நிலம். இப்போது கையால் வீசி, கலப்பை விட்டு மூடுவதுதான் நடக்கிறது. விதை அதிகம் செலவாகிறது. ஒரு பக்கம் கொத்தாக முளைக்கிறது, ஒரு பக்கம் சொட்டையாகக் கிடக்கிறது. வரிசை இல்லாததால் களையெடுப்புக் கூலியும் கூடிப் போகிறது. டிராக்டர் 42 ஹெச்பி. ஜீரோ டில் மெஷின் வாங்கினால் உழவுச் செலவே இல்லை என்று கடையில் சொல்கிறார்கள். எங்கள் மண்ணுக்கு அது சரிவருமா? சாதா சீட் டிரில் (உழுத மண்ணில் வரிசையாக விதை போடும் கருவி) என்றால் எதைப் பார்த்து வாங்க வேண்டும்? மூன்று பயிருக்கும் ஒரே கருவி போதுமா?

கல்லுப்பட்டி உழவு:

ஜீரோ டில் உங்களுக்கு வேண்டாம் அண்ணே. வட மாநிலங்களில் நெல் அறுத்த கையோடு, ஈரம் காயும் முன் கோதுமை போடுவதற்குப் பழக்கத்தில் வந்த கருவி அது. தலைகீழ் 'டி' வடிவக் கொழு மண்ணை லேசாகக் கீறி, அந்தக் கீறலுக்குள் விதையை விடும். கோடையில் இறுகிக் கிடக்கும் கரிசலில் கொழு இறங்காது, இறங்கினால் கட்டி கட்டியாகப் பெயர்க்கும். ஈரத்தில் ஓட்டினாலோ கீறலின் இரண்டு பக்கமும் பூசி மெழுகியது மாதிரி ஆகிவிடும். நாலு நாள் வெயிலில் கரிசல் சுருங்கும்போது அந்தக் கீறலே வெடிப்பாகத் திறந்து, விதை வெளியே தெரியும். எறும்பும் புறாவும் பார்த்துக்கொள்ளும். கோரையும் அறுகும் உள்ள காட்டில் உழாமல் விதைத்தால் களைக்கொல்லியை நம்பித்தான் இருக்க வேண்டிவரும்.

உங்களுக்குச் சரியானது 9 கொழு கொண்ட, விதையும் உரமும் சேர்த்துப் போடுகிற சாதா டிரில். 42 ஹெச்பி தாராளமாக இழுக்கும். வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது விதை எடுக்கும் உருளை. பள்ளம் வெட்டிய உருளை உளுந்துக்கும் சோளத்துக்கும் நன்றாக வேலை செய்யும். மக்காச்சோளம், பருத்தி, நிலக்கடலை போடுவதாக இருந்தால் இந்த உருளை விதையை நசுக்கும். அதற்குச் சாய்தட்டு (விதையை ஒவ்வொன்றாக எடுத்துப் போடும் சாய்ந்த தட்டு) உள்ள பிளான்டர் வேண்டும். உங்கள் மூன்று பயிருக்கு உருளையே போதும். அலுமினிய வார்ப்பா பிளாஸ்டிக்கா என்பதைவிட, உருளைகள் எல்லாம் ஒரே நீளத்துக்குத் திறக்கின்றனவா என்று பாருங்கள். விதை அளவைக் கூட்டிக் குறைக்கும் லிவரை நகர்த்தி ஒவ்வொரு கட்டமாக எட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அடுத்தது சட்டத்தின் நீளம். இரண்டு ஓரக் கொழுவுக்கும் இடையே 1.80 மீட்டர் கிடைக்கிற சட்டமாக எடுங்கள். 22.5 செ.மீ. இடைவெளியில் 9 கொழு, 30 செ.மீ. என்றால் 7, 45 செ.மீ. என்றால் 5, மூன்றுமே அந்த 1.80-க்குள் கச்சிதமாக உட்காரும். ஓரக் கொழு இரண்டையும் தொடவே வேண்டாம். குதிரைவாலி முடிந்து சோளத்துக்கு மாற்ற, ஒன்று விட்டு ஒன்று கழற்றி, அந்த விதை வாய்களை அடைத்தால் வேலை முடிந்தது. உளுந்துக்கு மட்டும் நடுக் கொழுக்களை 'யு' கிளாம்பைத் தளர்த்தி நகர்த்த வேண்டும்.

மானியம் வேளாண்மைப் பொறியியல் துறையில் உண்டு: சிறு, குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 50 விழுக்காடு வரை, மற்றவர்களுக்கு 40. உழவன் செயலியில் பதிந்துவிட்டு வாங்குங்கள். வாங்கிவிட்டுப் பதியப் போகாதீர்கள்.

திருமங்கலம் வடக்கு:

கருவியைப் பற்றி அண்ணன் சொல்லிவிட்டார். நான் அளவு வைப்பதைச் சொல்கிறேன், கைவிதைப்பிலிருந்து டிரில்லுக்கு மாறுகிறவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். பெட்டியில் ஒட்டியிருக்கும் அட்டவணையை நம்பி ஓட்டாதீர்கள். அது யாருடைய விதைக்கோ, எந்த ஈரத்துக்கோ போட்ட கணக்கு. விதை லாட் மாறினாலே உருண்டை மாறும், விழும் அளவும் மாறும்.

முதலில் ஓட்டுச் சக்கரத்தின் (தரையில் உருண்டு விதை உருளையைச் சுற்றவைக்கும் சக்கரம்) சுற்றளவு. இதைத் தார் ரோட்டில் அளக்கக் கூடாது. பெட்டியில் பாதி விதையைப் போட்டு, விதைக்கப் போகிற காட்டிலேயே கொழுவை இறக்கி, சக்கரத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, 10 சுற்றுக்கு எத்தனை மீட்டர் போகிறது என்று டேப் பிடியுங்கள். புழுதியில் சக்கரம் வழுக்கும். அந்த வழுக்கலும் சேர்ந்த கணக்குதான் வேண்டும். 10 சுற்றுக்கு 13.2 மீட்டர் வந்தது என்று வைத்துக்கொள்வோம்.

உளுந்து 30 செ.மீ., 7 வரிசை. ஒரு நடைக்கு அகலம் 2.10 மீட்டர் (ஓரக் கொழுவுக்கு ஓரக் கொழு 1.80, அதோடு அடுத்த நடைக்கு விடும் 0.30). 20 சுற்றில் 26.4 மீட்டர், பரப்பு 55.4 சதுர மீட்டர். ஏக்கருக்கு 8 கிலோ என்றால் சதுர மீட்டருக்கு 1.98 கிராம். ஆக 20 சுற்றுக்கு 110 கிராம் விழ வேண்டும், குழாய்க்கு 15.7 கிராம்.

இனி டிரில்லைத் தூக்கிக் கட்டைமேல் நிறுத்தி, ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு பாலித்தீன் பை கட்டி, சக்கரத்தைக் கையால் 20 சுற்று, வயலில் போகிற வேகத்துக்கே சுற்றுங்கள். இந்த 20-க்கு முன்னால் நாலைந்து சுற்று சுற்றி, விழுந்ததைப் பையிலிருந்து கொட்டிவிடுங்கள், உருளைப் பள்ளம் நிறைய வேண்டும். நகைக்கடைத் தராசு மாதிரி சின்ன டிஜிட்டல் தராசில் பையைத் தனித்தனியாக நிறுங்கள். மொத்தம் சரியாக இருந்தும் ஒரு குழாயில் 12, இன்னொன்றில் 19 என்று வரலாம். அப்படி வந்தால் லிவரைத் தொட்டுப் பயனில்லை, அந்த உருளையைத் தனியாகச் சரிசெய்ய வேண்டும். குழாய்க்குக் குழாய் ஒரு கிராமுக்கு மேல் வித்தியாசம் வேண்டாம். மூன்று முறை நிறுத்து ஒரே மாதிரி வந்தபிறகு லிவர் நின்ற இடத்தில் பெயின்டால் கோடு போட்டுவிடுங்கள்.

சோளம் 45 செ.மீ., 5 வரிசை, ஏக்கருக்கு 6 கிலோ: 20 சுற்றுக்கு 88 கிராம், குழாய்க்கு 17.6.

குதிரைவாலிதான் சிக்கல். ஏக்கருக்கு 4 கிலோதான். உருளையை அவ்வளவு குறுக்கினால் விட்டு விட்டு விழும். மணல் கலந்தால் டிராக்டர் ஆட்டத்தில் மணல் கீழே இறங்கிவிடும், விதை மேலே நின்றுவிடும், உருளையும் தேயும். அதைவிட 4 கிலோ விதைக்கு 4 கிலோ பழைய குதிரைவாலியை முளைக்காதபடி நன்றாக வறுத்து, ஆறவைத்துக் கலந்துவிடுங்கள். ஒரே எடை, ஒரே உருட்டு, பிரியாது. 22.5 செ.மீ., 9 வரிசை. கலவை 20 சுற்றுக்கு 106 கிராம், குழாய்க்கு 11.7.

பேரையூர் புஞ்சை:

இவ்வளவு விவரமாகச் சொன்னதற்கு நன்றி அண்ணே. இரண்டு சந்தேகம். உளுந்துக்கு ரைசோபியம் (நுண்ணுயிர் உரம்) கலந்து போடுவது வழக்கம், டிரில்லில் அது ஓடுமா? ஆழம் எவ்வளவு வைப்பது?

கல்லுப்பட்டி உழவு:

ஓடும், காய்ந்திருந்தால். அரிசிக் கஞ்சியில் கலந்தால் நிழலில் அரை மணி நேரம் பரப்பி, கையில் அள்ளி விட்டால் ஒட்டாமல் உதிர வேண்டும். பிசுபிசுப்போடு கொட்டினால் உருளைக்கு மேலே பாலம் கட்டி நிற்கும். பெட்டி நிறைய விதை தெரியும், கீழே ஒன்றும் விழாது. கஞ்சி கலந்த விதை மெதுவாக உருளும் என்பதால் அளவு பார்ப்பதும் கலந்த விதையை வைத்தே பாருங்கள்.

ஆழம் பயிரையும் பட்டத்தையும் பொறுத்தது. மழைக்கு முன்னால் காய்ந்த மண்ணில் சோளம் போட்டால் 5 செ.மீ. வையுங்கள். மேலோடு போட்டால் ஒரு தூறலுக்கு முளைத்து, அடுத்த மழை தள்ளிப்போனால் கருகிவிடும். உளுந்து ஈரத்தில் 3 முதல் 4. குதிரைவாலிக்கு 2 முதல் 3. அதற்குக் கீழே போனால் முளை மேலே வரத் திணறும். நடை ஓட்டி முடித்ததும் ஒவ்வொரு சாலிலும் விரலால் மண்ணை விலக்கி, விதையைக் கண்ணால் பார்த்து ஸ்கேலால் அளங்கள். டிராக்டர் டயர் ஓடிய தடத்தில் வரும் கொழுவை மட்டும் ஒரு விரற்கடை கூடுதலாக இறக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த இரண்டு வரிசையும் எப்போதும் மேலாகவே விழும்.

மழைக்குப் பிறகு என்றால் பதம் பாருங்கள். ஒரு பிடி மண்ணை உருட்டி இடுப்பு உயரத்திலிருந்து போட்டால் உடைந்து சிதற வேண்டும். அப்பளம் மாதிரி தட்டையாக விழுந்தால் அன்றைக்கு வண்டியை எடுக்க வேண்டாம். கொழுவுக்குப் பின்னால் இருக்கும் குழாய் வாயில் களிமண் அப்பி, ஐம்பது அடிக்குள் அடைத்துவிடும்.

திருமங்கலம் வடக்கு:

அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கொழு மண்ணுக்குள் இருக்கும்போது ஒரு அடிகூட ரிவர்ஸ் எடுக்கக் கூடாது. குழாய் அடைப்பில் பெரும்பாலானவை அங்கே உண்டாவதுதான். வண்டி முன்னால் நகரத் தொடங்கியபிறகு இறக்குங்கள், தலைமாட்டில் தூக்கியபிறகு திருப்புங்கள். வேகம் மணிக்கு 3 முதல் 4 கிலோமீட்டர். சராசரியாக மணிக்கு ஒன்றேகால் ஏக்கர் முடியும். பின்னால் ஒரு ஆள் நடந்து குழாய்களைப் பார்த்துக்கொண்டே வரட்டும். அடைத்தது தெரியாமல் போனால் ஏழாம் நாள் முளைப்பில்தான் தெரியும்.

உரப் பெட்டியில் உளுந்துக்கு டிஏபி ஏக்கருக்கு 22 கிலோ. உரம் விதையோடு ஒட்டி விழாமல், விதைக்குப் பக்கவாட்டிலும் கீழேயும் 4, 5 செ.மீ. தள்ளி விழுகிறதா என்று தோண்டிப் பாருங்கள். யூரியாவை விதைச் சாலில் விடவே வேண்டாம், முளை கருகும். சாயங்காலம் மிச்ச உரத்தைப் பெட்டியில் விட்டுவைத்தால் காலையில் கல்லாக இறுகியிருக்கும். காலி செய்து, துடைத்து, செயினுக்கு எண்ணெய் போட்டு நிறுத்துங்கள்.

மேலூர் வயல்:

கண்மாய்ப் பாசன வயல் உள்ளவர்கள் ஜீரோ டில் மொத்தத்தில் வேண்டாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் பக்கம் அறுப்புக்கு முன்னால் நெல்லுக்குள் உளுந்து தெளிப்பார்கள். இப்போது அறுவடை மெஷின் ஏறி முளையை மிதித்துவிடுகிறது. அங்கே அறுத்த மறுநாளே ஈரத்தில் ஜீரோ டில் ஓட்டுவது பொருத்தம். ஆனால் மெஷின் உதறிய வைக்கோலை முதலில் கட்டி எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கொழுவில் வைக்கோல் சுருண்டு, பாய் மாதிரி இழுத்துக்கொண்டு வரும். விதை அதன்மேல் கிடக்கும்.

பேரையூர் புஞ்சை:

புரிந்தது. 1.80 சட்டம், உருளை டிரில் என்று முடிவுசெய்துவிட்டேன். சுற்றளவை எங்கள் காட்டிலேயே அளந்து, குழாய்க்குக் குழாய் வந்த எடையை இங்கே போடுகிறேன். தப்பு இருந்தால் சொல்லுங்கள்.