இமையில் சின்னக் காயம், சிடி ஸ்கேனில் ‘காற்று’: நம்பலாமா?

கேஷுவாலிட்டி டூட்டி:
குச்சியோடு விழுந்த குழந்தை. மேல் இமையில் அரை சென்டிமீட்டர் காயம், பார்வையும் நினைவும் சரி. சிடியில் கண்குழிக்குள் ஒரு கறுப்புக் கோடு. ரிப்போர்ட்டில் காற்று என்று வருகிறது. தைத்து அனுப்பலாமா?

ஸ்கேன் ரூம்:
அனுப்பாதீர்கள். காய்ந்த மரமும் சிடியில் கறுப்பாகத்தான் தெரியும். விண்டோ அகலத்தை (திரையில் கறுப்பு முதல் வெள்ளை வரை காட்டும் வரம்பை) 1500க்கு மேல் விரித்துப் பாருங்கள். காற்று அப்படியே கறுப்பாக நிற்கும். மரம் சாம்பல் நிறத்துக்கு ஏறும், சில சமயம் உள்ளே வரிகூடத் தெரியும். ஓரம் ஸ்கேல் வைத்துக் கீறியதுபோல் நேராக இருந்தாலே சந்தேகப்பட வேண்டும், காற்று அப்படி நிற்காது. ஸ்லைஸ் தடிமன் 1 மி.மீ.க்கு மேல் வேண்டாம். கொரோனலும் (முகத்துக்கு இணையான வெட்டு) சாஜிட்டலும் (பக்கவாட்டு வெட்டு) கட்டாயம், கண்குழிக் கூரையின் முறிவு ஆக்சியலில் (கிடைமட்ட வெட்டில்) தப்பிவிடும். நாளாக ஆக மரம் ஈரம் ஏறிச் சுற்றுத் திசுவின் நிறத்துக்கே வந்துவிடும், அதனால் தாமதிக்காதீர்கள். எம்ஆர்ஐ எடுப்பதானால் இரும்பு இல்லை என்று உறுதியான பிறகே.

நியூரோ ஓடி (மூளை ஆபரேஷன் தியேட்டர்):
கண்குழி ஒரு புனல். குச்சி மேல்நோக்கிப் போனால் காகிதம்போல் மெல்லிய கூரையை உடைத்து முன்மூளைக்குள். நேரே போனால் எலும்பை உடைக்காமலே கண்குழியின் பின்னால் உள்ள மேல் பிளவு வழியாகக் கேவர்னஸ் சைனஸுக்குள் (மூளையடியில் உள்ள சிரை ரத்த அறைக்குள்), மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோடிட் தமனியின் பக்கத்தில். அந்தப் பாதையென்றால் சிடி ஆஞ்சியோ (ரத்தக்குழாய் ஸ்கேன்) உடனே எடுக்க வேண்டும். அது நார்மல் என்றாலும் ஓரிரு வாரத்தில் மறுபடி எடுங்கள். போலி அனூரிசம் (கிழிந்த ரத்தக்குழாய்ச் சுவரில் உண்டாகும் ரத்தப்பை) பிந்தித்தான் வளரும்.

குச்சி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கேஷுவாலிட்டியில் இழுக்கவே கூடாது. கிழிந்த ரத்தக்குழாயை அதுவே அடைத்துக்கொண்டிருக்கலாம். மேலே பேப்பர் கப் கவிழ்த்து, கண்ணை அழுத்தாமல் ஒட்டி அனுப்புங்கள். எடுப்பது ஓடியில், மண்டையைத் திறந்து நேரில் பார்த்தபடி, போன பாதையிலேயே பின்னோக்கி. பிறகு உள்ளே சிராய் தேடல், டூரா (மூளையின் வெளியுறை) ரிப்பேர்.

கேஷுவாலிட்டி டூட்டி:
ரெஃபர் பண்ணுவதற்குள் என்ன மருந்து?

வார்டு ரவுண்ட்ஸ்:
மூளைக்காய்ச்சலுக்குக் கொடுக்கும் ஆன்டிபயாடிக் டோஸ்தான்: செஃப்ட்ரையாக்சோன் கிலோவுக்கு 50 மி.கி., 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரு டோஸ் 2 கிராம் தாண்டாமல். வான்கோமைசின் கிலோவுக்கு 15 மி.கி., 6 மணி நேரத்துக்கு ஒருமுறை. மரம், மண் என்றால் மெட்ரோனிடசோலும். டெட்டனஸ் ஊசியை மறக்க வேண்டாம். தலைமாட்டை 30 டிகிரி உயர்த்துங்கள், வாந்தியைக் கட்டுப்படுத்துங்கள், மூக்கு வழியே டியூப் போடாதீர்கள். சிகிச்சை முடிந்து வீட்டுக்கு விடும்போது பெற்றோரிடம் தெளிவாகச் சொல்லி அனுப்ப வேண்டியது: காய்ச்சல், தலைவலி, வலிப்பு, மூக்கிலோ காயத்திலோ தண்ணீர் வடிதல், கண் பிதுங்கித் துடித்தல், இதில் எது வந்தாலும் அன்றே வர வேண்டும். தங்கிப்போன சிராயால் சீழ்க்கட்டி மாதங்கள் கழித்தும் வரும்.